காப்புக் கட்டிய வீட்டில் காசநோய்

எனக்கு முதலில் வந்தது இருமல் இல்லை, அசதி. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில், செம்பனை மரங்களுக்கடியில் களைக்கு மருந்தடிக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு நாளெல்லாம் நடந்தவள், சாப்பாட்டு நேரம் வருவதற்குள்ளேயே மரத்தடியில் குந்த ஆரம்பித்தேன்.

“என்னா தனம், மறுபடியும் முழுகாம இருக்கியா?” என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள்.

நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பி உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டுக்கொண்டேன். எங்களுக்கு அப்போது ஒரே பெண், கவி. பேச்சு நன்றாக வந்துவிட்ட வயது, அடக்கம் வராத வயது.

பிறகு இருமல் வந்தது. மருந்தடிக்கிறவர்கள் எல்லோரும்தான் இருமுவோம். அதனால் என் இருமலை யாரும் இருமலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், விடியும்போது முதுகு நனையும் வேர்வை, நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆகும் ரவிக்கை. எல்லாப் பழியையும் பம்பின் மேலேயே போட்டோம். ஒருநாள் துப்பிய கோழையில் (நெஞ்சிலிருந்து வரும் கெட்டிச் சளி) ரத்தம் நூல்போல ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் என்னை மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பட்டணத்து அரசாங்க கிளினிக்குக்குப் போனார்.

அவர் பெயர் பழனி. தோட்டத்து மில்லுக்குச் செம்பனைப் பழக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். எழுதலாம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

எக்ஸ்ரேயில் என் வலது நுரையீரலின் மேல்பாதி மங்கலாகத் தெரிந்தது. கோழையைச் சோதித்ததில் கிருமி இருந்தது. மிஸி (தாதி) மலாயில் “பாத்தோக் கிரிங்” என்றாள். வறட்டு இருமல் என்று சாதுவாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். டாக்டர் தமிழர், தலை பாதி நரைத்தவர். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“டிபி. காசநோய். பயப்படாதம்மா, இப்ப மருந்து இருக்கு. ஆறு மாசம் ஒழுங்கா சாப்பிட்டா போயிடும். முதல் ரெண்டு மாசம் தினமும் இங்க வரணும். எங்க கண்ணு முன்னால மாத்திரைய முழுங்கணும், ஊசி போட்டுக்கணும்.”

“பிள்ளை இருக்கே டாக்டர்,” என்றேன்.

பிள்ளையையும் என் வீட்டுக்காரரையும் சோதித்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை. கவிக்குத் தோலில் சோதனை ஊசி போட்டார்கள் (கிருமி உடம்புக்குள் நுழைந்திருந்தால் அந்த இடம் தடித்துக்கொள்ளும்). தடித்தது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததால், கிருமி நோயாக மாறாமலிருக்க அவளுக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அந்தச் சின்னக் கையில் தடித்திருந்த வட்டத்தைப் பார்த்தபோது, அது நான் கொடுத்தது என்று தெரிந்தது. என் முத்தம், என் மடி, என் மூச்சு. நான் உடைந்து போனேன்.

அன்றைக்கே அவர் பிள்ளையை உலு யாமில் இருந்த என் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை. கவி லோரிப் பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள்போல மோட்டரில் உட்கார்ந்து போனாள்.

இதை நீங்கள் எந்த நிலையில் வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் யாராவது பிள்ளையை இப்படி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால், எப்போது திரும்பக் கூட்டி வரலாம் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்க ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். நாலு பேருக்கு நடுவில் வாயடிக்கிற எனக்கு வெள்ளைக் கோட்டைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலோ பழனியின் ராஜ்ஜியம். எனக்குத் தனித் தட்டு, தனி மங்குக் கோப்பை, தனி வாளி. என் தட்டை வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழுவுவார். காத்து பட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று நான் படுக்கும் அறையின் சன்னலை அடைத்து, இடுக்கில் சாக்கைச் செருகினார். அந்தப் புழுக்கத்தில் நான் இருமுவேன், பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் எனக்கு விசிறுவார். பாசத்தில் குறை சொல்ல முடியாது. சமைக்கவும் கற்றுக்கொண்டார். அவர் வைத்த சாம்பாரைக் குடித்த பிறகு மாத்திரை எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

ஒருநாள் டாக்டர் அவரிடம் வீட்டு நிலவரத்தை விசாரித்தார். மனிதர் தன் ஏற்பாடுகளைப் பெருமையோடு ஒப்பித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எல்லாத்தையும் தலைகீழா செஞ்சி வச்சிருக்கீங்களே. இது தட்டுல ஒட்டிக்கிட்டு வர்ற நோய் இல்ல. காத்துல வர்றது. இருமும்போது கிருமி காத்துல மெதக்கும். ரூம அடைச்சி வச்சா அங்கேயே நிக்கும், திறந்து விட்டா கலைஞ்சி போயிடும். மொதல்ல போயி அந்த சாக்கப் பிடுங்குங்க.”

“வெளிக்காத்து ஆகாதே டாக்டர்?”

“உள்காத்துதான்யா ஆகாது.”

அவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னதில் தைரியம் வந்து நான் கேட்டேன். “பிள்ளைய எப்ப கூட்டிக்கிட்டு வரலாம் டாக்டர்?”

அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முன்னெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்கள மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில படுக்க வைப்போம். மெட்ராஸ்ல ரெண்டு விதமாவும் செஞ்சி பாத்தாங்க. கொஞ்சம் பேர ஆஸ்பத்திரியில வச்சாங்க. கொஞ்சம் பேர நெருக்கமான சின்ன வீட்டுலயே, பொண்டாட்டி புள்ளையோட வச்சி மருந்து குடுத்தாங்க. கூட இருந்தவங்களையும் வருசக்கணக்கா கவனிச்சாங்க. வீட்டுல வச்சி வைத்தியம் பாத்ததால பிள்ளைங்களுக்குக் கூடுதலா ஒண்ணும் வரல. பரவுறது பெரும்பாலும் மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முந்தி பரவுனதுதான். உங்க பிள்ளைக்கும் அப்பவே வந்துடுச்சு, அதுக்குத்தான் மாத்திரை குடுக்கிறோம். ரெண்டாம் மாசம் கோழைய மறுபடியும் பாப்போம். கிருமி இல்லன்னு வந்தா, அதுக்கப்புறம் யோசிக்கவே வேணாம்.”

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மெட்ராஸில் யாரோ ஒரு பெண், என்னைப்போல ஒண்டுக் குடித்தனக்காரி, பக்கத்தில் பிள்ளை தூங்க மாத்திரை விழுங்கியிருக்கிறாள். அவளையும் பிள்ளையையும் யாரோ பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவளை எனக்குத் தெரியாது. அவளால்தான் என் பிள்ளை வீட்டுக்கு வரப்போகிறாள். சொந்தக்காரி ஒருத்தி புதிதாகக் கிடைத்ததுபோல் இருந்தது.

இனி எங்கள் கூத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ரிஃபாம்பிசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து, உடம்பிலிருந்து வரும் நீரையெல்லாம் செம்மஞ்சளாக்கிவிடும்). சிறுநீர் நிறம் மாறும் என்று மிஸி என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். அதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் நான் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் கவியின் சட்டையை மடித்து வைக்கும்போது அழுகை வந்துவிட்டது. வெள்ளைத் துண்டால் கண்ணைத் துடைத்தேன். வேலை முடிந்து வந்தவர் துண்டில் செம்மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டார்.

“கண்ணுலேருந்து ரத்தம் வருதாடி?”

நான் மருந்தின் சங்கதியைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் ஆள் வீட்டில் இல்லை. நேராக மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, என் உடம்பு தேறிப் பிள்ளை வீடு வந்து சேர வேண்டும், இந்தத் திருவிழாவிலேயே தீச்சட்டி ஏந்துகிறேன் என்று நேர்ந்துகொண்டார். திருவிழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. வேண்டுதல்தானே, இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கும் அம்மன்மேல் பக்தி உண்டு. தீச்சட்டி ஏந்துகிறவர் முதலில் காப்புக் கட்ட வேண்டும் என்பது அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

கொடியேறிய மாலை, கையில் மஞ்சள் கொம்பு கட்டிய நூலோடு வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“தனம், மண்டோரு இப்பதான் சொன்னாரு. காப்புக் கட்டுன வீட்டுக்காரங்க திருவிழா முடியுற வரைக்கும் எல்லை தாண்டக்கூடாதாம். வீட்டு ஆளுங்க எல்லாருக்குமாம்.”

மண்டோர் என்பவர் எங்கள் தோட்டத்துக் கங்காணி. எல்லை என்றால் தோட்டத்து வாசல். அங்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். என் ஊசியும் மாத்திரையும் தோரணத்துக்கு அந்தப் பக்கம், பட்டணத்தில் இருந்தன. நான் குணமாக வேண்டும் என்று கட்டிய காப்பு, என் மருந்தை நிறுத்திவிட்டது.

“அலமாக்! கட்டுறதுக்கு முன்னாடி கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?”

“கொஞ்ச நாளுதான்லா. நீதான் நல்லா ஆயிட்டியே. இருமலும் கொறஞ்சிடுச்சு. உடம்பும் வச்சிருக்கு. அம்மா பாத்துக்குவா.”

அவர் சொன்னதில் எனக்கும் சபலம் தட்டியது, அதை மறைக்க மாட்டேன். ஊசியால் காதில் ரீங்காரம், எழுந்து நின்றால் தலை சுற்றல், உதட்டைச் சுற்றி மதமதப்பு. நோயைவிட மருந்துதான் அப்போது என்னை அதிகம் படுத்தியது. கொஞ்ச நாள் ஓய்வு என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் இடையில் விட்டுவிட்டு, சோதனையில் மறுபடியும் கிருமி தெரிந்தால்? கவியை நான் என்றைக்குப் பார்ப்பது? மறுநாள் காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினேன்.

வாசலில் முத்தையா மண்டோர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோயில் தலைவரும் அவர்தான்.

“எங்க தாயி கெளம்பிட்ட? காப்புக் கட்டுன வீடு. நாளைக்கு திருவிழாவுல ஏதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா எல்லாரும் உன்னதான் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும் மண்டோரண்ணே. என் நெஞ்சு, நான் போறேன்.” திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். தோரணத்துக்கடியில் குனிந்து வெளியே வந்து, ஓட்டமும் நடையுமாகப் போனேன். அம்மனுக்குப் பயந்தா, மண்டோருக்குப் பயந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“சாமி கும்பிட வேணாம்னு நான் சொல்லலம்மா. ஆனா இதக் கேட்டுக்க. மருந்துக்கு சுலபமா சாகிற கிருமியெல்லாம் மொதல்ல செத்துடும். அதான் உடம்பு நல்லாயிட்ட மாதிரி இருக்கு. மிச்சம் இருக்கிறது பிடிவாதம் புடிச்சது. இப்ப விட்டா அது மருந்துக்கே பழகிடும். அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காது. ஆறு மாசம்னு நாங்க வாய்க்கு வந்தத சொல்லல. வெளிநாட்டுல அதவிட சீக்கிரம் நிறுத்திப் பாத்திருக்காங்க. அதுல நிறைய பேருக்குத் திரும்பி வந்துடுச்சு. முழுசா சாப்பிட்டவங்களுக்குத் திரும்புறது ரொம்ப குறைச்சல்.”

திரும்பி வந்துவிட்ட அந்த நிறைய பேர் என் மனசைவிட்டுப் போகவில்லை. நன்றாகிவிட்டோம் என்று நினைத்து, பிறகு ஒரு காலையில் மறுபடி இருமியவர்கள். அவர்கள் இருமியதால்தான் எனக்கு மருந்து இவ்வளவு காலம் வேண்டும் என்று டாக்டர்களுக்குத் தெரிந்தது. நீங்கள் மருந்தை நிறுத்தலாமா என்று யோசித்தால் அவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் திரும்பி வரும்போது தோரணத்துக்கு உள்பக்கம், கோடு கிழித்ததுபோல ஓரமாக, மோட்டரை நிறுத்திக்கொண்டு அவர் நின்றிருந்தார். முகம் உர்ரென்று இருந்தது. நான் ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: “நாளைக்கு நடந்து போவாத. தோரணம் வரைக்கும் கொண்டுபோயி விடுறேன்.”

அன்றிலிருந்து தினமும் அதுதான் நடந்தது. தோரணம் வரைக்கும் மோட்டரில் வருவேன். இறங்கி, குனிந்து, தாண்டி, பஸ் ஏறுவேன். வேலைக்கு நடுவில் ஓடிவந்து, நான் திரும்பும் நேரத்துக்கு அதே இடத்தில் நிற்பார். டிராக்டர்க்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். “என்னா பழனி, பொண்டாட்டிய வெளிநாட்டுக்கு அனுப்புறியா? பாஸ்போட் எடுத்தாச்சா?” என்று கத்திக்கொண்டே போவார்கள். அவர் கடமையே கண்ணாக நின்றுகொண்டிருப்பார். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இந்த மனுசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைக்கும்போதே நெஞ்சு நிறைந்தும் போனது.

திருவிழா முடிகிற தீமிதிக்கு முந்திய நாள். கிளினிக்கில் மிஸி என்னைக் கண்டதும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கோழையில் கிருமி இல்லை. டாக்டர் முன்பே சொன்னதையே மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். “இன்னிக்கேகூட கூட்டிக்கிட்டு வரலாமா டாக்டர்?” “தாராளமா. ஆனா மருந்து இன்னும் நாலு மாசம் இருக்கு, மறந்துடாத.”

நான் எப்படி மறப்பேன்? மிச்சக் காலத்துக்கு வாரத்தில் இரண்டு முறை போய், ஒன்றைக்கூட விடாமல் முடித்தேன். அது பிறகு நடந்தது. அன்றைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், தோட்டத்துப் பஸ்ஸுக்காக நிற்கவில்லை. ரவாங் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் தோரணத்தடியில் காத்திருப்பாரே என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. சொல்லி அனுப்ப ஆளில்லை. ரவாங்கில் இறங்கி, பஸ் மாறி, உலு யாம் போய்ச் சேர்ந்தேன்.

அக்காள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். “டாக்டரு நெசமாவே சொன்னாராடி?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, அழுதுகொண்டே துணிகளை எடுத்து வைத்தாள். கவி அவள் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

“கவி, அம்மாடி. வா.”

வரவில்லை. “பெரியம்மா, யாரு இது?” என்று கேட்டாள்.

இதற்கு எந்த மருந்தும் இல்லை. யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைகள் மறப்பார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். நான் கோபப்படவில்லை, வலித்தது. பஸ்ஸில் அவள் சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். பாத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும் தூக்கம் வந்து தலை சாய்ந்தது. சாய்ந்த இடம் என் கை. நான் அந்தக் கையை அசைக்கவேயில்லை.

தோட்டத்து வாசலுக்கு வரும்போது வெயில் இறங்கியிருந்தது. தோரணத்தடியில் அவர் இல்லை. மண்டோர் மட்டும் இருந்தார்.

“ஏம்மா, எங்க போயிட்ட நீ? அவன் மத்தியானத்துலேருந்து இங்கயே நின்னான். ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு, நீ எறங்கல. ‘கிளினிக்குல மயக்கமா விழுந்துட்டாளோ’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அப்புறம் பாத்தா, மோட்டர எடுத்துக்கிட்டு தாண்டிட்டான்.”

“காப்போடயா?”

“காப்போடதான்.”

எனக்குப் பகீரென்றது. எனக்காக வேண்டிக்கொண்ட வேண்டுதலை எனக்காகவே உடைத்துக்கொண்டு எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறார். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் தினமும் நிற்கும் அதே இடத்தில் நான் நின்றேன். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சாலையில் ஒவ்வொரு மோட்டர் சத்தத்துக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன். அதற்குமுன் எனக்கு நேரம் என்பது அடுத்த மாத்திரைக்கும் அதற்கடுத்த ஊசிக்கும் நடுவில் இருப்பதுதான். அன்றைக்குத்தான் மறுபடியும் ஓர் ஆளுக்காக நேரம் போனது.

வந்தார். தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டார். மோட்டரைத் தோரணத்துக்கு வெளியே நிறுத்தி, இறங்கி, அங்கேயே நின்றார். முகமெல்லாம் புழுதி. என்னைத் திட்டுவதா, பிள்ளையைத் தூக்குவதா என்று தெரியாமல் வாய் திறந்து மூடியது. கவி விழித்துக்கொண்டாள். அவரை உற்றுப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள். இடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அவரைத் தெரிந்திருக்கிறது. என்னைத்தான் தெரியவில்லை. பரவாயில்லை, ஒருத்தரையாவது தெரிந்ததே!

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கொம்பைப் பார்த்தார், மண்டோரைப் பார்த்தார்.

“அண்ணே,” என்றார் பரிதாபமாக. “நான் தாண்டிட்டேன். இப்ப உள்ள வரலாமா, இல்ல இங்கயே இருந்துக்கணுமா?”

மண்டோர் தாடையைச் சொறிந்தார். “நீ நேந்துக்கிட்டது என்னா?”

“இவ நல்லாவணும், புள்ள வீட்டுக்கு வரணும்னு.”

“ரெண்டும் உள்ள நிக்குது. நீதான்டா வெளிய நிக்கிற. வந்து தொலை.”

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, தோரணத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதைப் பார்த்துக் கவியும் காரணம் தெரியாமல் சிரித்தாள். சிரிப்பின் முடிவில், பழக்கத்தில், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தேன். பல மாதங்களாக என் எந்தச் சிரிப்பும் இருமலில் முடியாமல் இருந்ததில்லை.

வரவில்லை. மூச்சு உள்ளே போனது, அடிவரை போனது, திரும்பி வந்தது. எனக்கு நம்பிக்கை வராமல் இன்னொரு முறை சிரித்துப் பார்த்தேன்.